மத்தியதரைக் கடலோரம் – 17: நெப்போலியனுக்கு வழிவிடாத அக்கோ

சென்ற வாரம் யாஃபாவில் நிறுத்தியிருந்தோம். 1799 மார்ச் 7ஆம் தேதி அந்த ஊர் பிரெஞ்சுப் படையிடம் வீழ்ந்தது. சரணடைந்த வீரர்களை ஆயிரக்கணக்கில் கடற்கரைக்கு ஓட்டிச் சென்று கொன்றார்கள். கொன்றவர்களின் கூடாரங்களுக்குள்ளும் பிளேக் நுழைந்துவிட்டிருந்தது. நெப்போலியன் அங்கே அதிகநாள் தங்கவில்லை. எகிப்திலிருந்து சுமார் 13,000 பேரோடு கிளம்பிய படையில் எஞ்சியவர்களைக் கூட்டிக்கொண்டு வடக்கே நடந்தார். அடுத்துப் பிடிக்க வேண்டியது ஒரு சின்னத் துறைமுகம். அது விழுந்தால் சிரியாவே கைக்கு வந்துவிடும் என்பது அவர் கணக்கு.

அந்த ஊர்தான் அக்கோ. தமிழ் விவிலியம் படித்தவர்களுக்கு இது புதிய பெயரல்ல. பழைய ஏற்பாட்டில் அக்கோ என்றும், புதிய ஏற்பாட்டில் பவுல் கப்பலிறங்கி ஒரு நாள் தங்கிப்போன பித்தொலோமாய் என்றும் வருவது இதே ஊர். அரபியில் அக்கா. சிலுவைப் போர் வரலாறுகளில் ஏக்கர் என்று பார்த்திருப்பீர்கள்.

ஹைஃபாவிலிருந்து ரயிலேறினால் அரை மணி நேரம். வழியெல்லாம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் கிடங்குகளும்தான். கடல் சரியாகக் கண்ணில் படாது. நிலையத்தில் இறங்கிப் பழைய ஊருக்கு நடந்தே போய்விடலாம். ஹைஃபா வளைகுடாவின் வடமுனையில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு நிலத்துண்டு அது. மேற்கிலும் தெற்கிலும் கடல். வடக்கிலும் கிழக்கிலும் நிலம். குறுக்கே நடக்கக் கால் மணி நேரம்கூட ஆகாது. தென்கரையில் நின்றால் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் கார்மேல் மலை முழுசாகத் தெரியும். இந்த அத்தியாயத்தின் முக்கியமான சம்பவம் ஒன்று அந்த மலைமுனையை ஒட்டிய கடலில்தான் நடந்தது. அதனால் அந்தத் திசையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கோவுக்குப் போகிறவர்கள் முதலில் ஏறுவது நிலத்தைப் பார்த்த மதில்களில். ஏற வேண்டிய இடம்தான். அகன்ற அகழி, சரிந்திறங்கும் பருத்த சுவர், வடகிழக்கு மூலையில் பீரங்கிகள் வரிசை வைத்த புர்ஜ் அல்-குமாந்தர் கொத்தளம். நெப்போலியன் ஏன் தோற்றார் என்று யாரும் விளக்கவே வேண்டாம், சுவரே சொல்லிவிடும் என்று தோன்றும். ஆனால் நெப்போலியன் பார்த்த மதில் இதுவல்ல. இந்தப் பருத்த மதிலையும் அகழியையும் அவர் திரும்பிப் போன பிறகு, இன்னொரு முறை யாரும் வந்துவிடக்கூடாது என்று கட்டினார்கள். 1799இல் நின்றது அதற்கு உட்புறம் இருந்த மெல்லிய பழைய சுவர். யாஃபாவைச் சில நாட்களில் உடைத்த படைக்கு அது பெரிய தடையே இல்லை. அப்படியானால் இரண்டு மாதம் அந்தப் படை இங்கே ஏன் தவம் கிடந்தது? விடையைத் தேட மதிலைவிட்டு இறங்கிக் கடல் பக்கம் போக வேண்டும். அக்கோவின் வரலாற்றில் பல முற்றுகைகளின் முடிவு கடலிலிருந்துதான் வந்திருக்கிறது.

முன்கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1104இல் ஜெருசலேமின் சிலுவைப்போர் அரசன் முதலாம் பால்ட்வின் இந்த ஊரைப் பிடித்தது ஜெனோவாக்காரர்களின் கப்பல்களைக் கொண்டுதான். உதவிக்குக் கூலியாக அவர்களுக்கு ஊருக்குள் இடமும் துறைமுக வருமானத்தில் பங்கும் கிடைத்தன. 1187 ஜூலையில் ஹத்தீன் போர்க்களத்தில் சிலுவைப் படையை நொறுக்கிய சலாவுதீன், அதே மாதத்தில் அக்கோவையும் எடுத்துக்கொண்டார். 1189 ஆகஸ்டில் சிலுவைப் படை திரும்பி வந்து ஊரைச் சுற்றி வளைத்தது. சலாவுதீன் வெளியிலிருந்து வந்து அந்தப் படையைச் சுற்றி வளைத்தார். உள்ளே ஒரு படை, நடுவில் ஒரு படை, வெளியே ஒரு படை என்று ஏறத்தாழ இரண்டு ஆண்டு பசியும் காய்ச்சலுமாகக் கழிந்தது. 1191இல் பிரான்ஸ் அரசர் பிலிப்பும் இங்கிலாந்தின் ரிச்சர்டும் கப்பல்களோடு வந்து சேர்ந்த பிறகே ஜூலை 12ஆம் தேதி ஊர் சரணடைந்தது. அடுத்த மாதம் ரிச்சர்ட் சுமார் 2,700 கைதிகளை மதிலுக்கு வெளியே வெட்டிப் போட்டார். வீரத்துக்கு இலக்கணமாக நம் பாடப்புத்தகங்கள் சொல்லும் ‘சிங்க இதயம்’ கொண்ட அதே ரிச்சர்ட்தான்.

அதன்பின் நூறு ஆண்டு அக்கோதான் சிலுவைப்போர் அரசின் தலைநகர். வெனிஸ், ஜெனோவா, பீசா வணிகர்களுக்குத் தனித்தனிப் பேட்டைகள். மருத்துவ வீரத்துறவியருக்கும் கோயில் வீரத்துறவியருக்கும் தனித்தனிக் கோட்டைகள். சர்க்கரையும் பட்டும் மிளகும் இந்தத் துறையில் ஏறி இறங்கின. வெனிஸும் ஜெனோவாவும் ஊருக்குள்ளேயே போர் நடத்தின. 1291 மே 18ஆம் தேதி மம்லூக் சுல்தான் அல்-அஷ்ரஃப் கலீலின் படை மதிலை உடைத்து உள்ளே வந்தபோது, மக்கள் துறைமுகத்துக்கு ஓடினார்கள். படகில் ஓர் இடத்துக்கு நகைகளையும் பணத்தையும் அள்ளிக் கொடுத்தார்கள் என்று அந்தக் காலத்தவர் எழுதி வைத்திருக்கிறார்கள். கடல்முனையில் இருந்த கோயில் வீரத்துறவியரின் கோட்டை மட்டும் மேலும் பத்து நாள் தாங்கியது. கடைசியில் அது உள்ளிருந்தவர்கள் மீதும் ஏறி வந்தவர்கள் மீதும் சேர்ந்தே சரிந்தது. ஐரோப்பியர் கடல்வழி இனித் திரும்பி வரக்கூடாது என்று சுல்தான் ஊரை இடிக்கச் சொன்னார். ஒரு தேவாலயத்தின் கோதிக் வாசலை மட்டும் பெயர்த்து கெய்ரோவுக்குக் கொண்டுபோனார்கள். சுல்தான் அல்-நாசிர் முகமதின் மதரசாவுக்கு இன்றும் அதுதான் வாசல்.

நானூற்றைம்பது ஆண்டுகள் அக்கோ பெரும்பாலும் இடிபாடாகக் கிடந்தது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் கலிலேயாவை ஆண்ட ஸாஹிர் அல்-உமர் என்ற அரபுத் தலைவர் அதை மீண்டும் ஊராக்கினார். உள்நாட்டில் விளைந்த பருத்தியை மார்சேய் வணிகர்களுக்கு விற்று வந்த பணத்தில் மதில் எழுப்பினார். நெப்போலியன் எதிர்கொண்ட மெல்லிய சுவர் அதுதான். ஸாஹிருக்குப் பிறகு 1775இல் துருக்கிப் பேரரசின் ஆளுநராக வந்தவர் அகமது அல்-ஜஸ்ஸார் பாஷா. பாஸ்னியாவில் பிறந்தவர். ‘ஜஸ்ஸார்’ என்றால் கசாப்புக்காரர். அந்தப் பட்டத்தை அவர் விரும்பியே சுமந்தார். அவருடைய திவான் ஹாயிம் ஃபர்ஹி, டமாஸ்கஸ் யூதர். எஜமானின் கோபத்தில் ஒரு கண்ணை இழந்தவர். மூக்கிலும் வெட்டு. ஆனாலும் கஜானாவும் கணக்கும் அவர் கையிலேயே இருந்தன. நெப்போலியனை எதிர்த்து நின்றபோது பாஷாவுக்குப் பக்கத்தில் இருந்தவரும் இதே ஃபர்ஹிதான்.

ஜஸ்ஸார் கொடுங்கோலர், ஆனால் கட்டுவதில் சளைக்காதவர். இன்றைய பழைய அக்கோ ஏறக்குறைய அவருடைய ஊர்தான். பச்சைக் குவிமாடத்தோடு நிற்கும் 1781ஆம் ஆண்டுப் பள்ளிவாசல், அதன் முற்றத்தில் அவருடைய கல்லறை, துறைமுகத்தை ஒட்டிய கான் அல்-உம்தான் சத்திரம் எல்லாம் அவர் பெயர் சொல்லும். சத்திரத்தின் கருங்கல் தூண்கள் செசரியாவின் ரோமானிய இடிபாடுகளிலிருந்து வந்தவை. தூண்களுக்குக் கீழே ஒட்டகங்களும் மூட்டைகளும் தங்கின; மேல்தளத்தில் வணிகர்கள் தங்கினார்கள்.

கோட்டை கட்டும்போது காலடியில் சிலுவைக்காலக் கூடங்கள் தட்டுப்பட்டன. அவற்றை இடித்தெடுப்பதைவிட மண்ணை நிரப்பி மேலே கட்டுவது எளிது. அப்படியே செய்தார்கள். அதனால்தான் அவை பிழைத்தன. இருபதாம் நூற்றாண்டில் மண்ணை அள்ளியபோது மேலே நிற்கும் கோட்டை இறங்கிவிடக்கூடாதே என்று முட்டுக்கொடுத்து முட்டுக்கொடுத்து வேலை செய்ய வேண்டியிருந்தது. இன்று படியிறங்கிப் போனால் மருத்துவ வீரத்துறவியரின் உணவுக்கூடத்தில் நிற்கலாம். மூன்றே மூன்று உருண்டைத் தூண்கள். ஒருவர் கட்டிப்பிடித்தால் பாதிகூடக் கைக்குள் வராது. அந்தத் தடிமனான தூண்களிலிருந்து கூரை விலாக்கள் விரிந்து எழும்பும் அழகை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்கலாம். தெற்கே இன்னொரு பாதாள அதிசயம் இருக்கிறது: கோயில் வீரத்துறவியரின் கோட்டையிலிருந்து துறைமுகம் வரை ஓடும் சுரங்கப்பாதை. ஏறக்குறைய 150 மீட்டர் நீளம். 1994இல் ஒரு வீட்டில் கழிவுநீர் அடைத்துக்கொண்டது என்று தோண்டிப் பார்த்தபோது வெளிப்பட்டது. அவர்களும் தப்பிக்க வழி வைத்தது நிலத்தை நோக்கி அல்ல, கடலை நோக்கி.

இனி 1799.

நெப்போலியனிடம் ஆள் இருந்தது, அனுபவம் இருந்தது. மதிலை உடைக்கும் பெரிய பீரங்கிகள் மட்டும் கூடவே வரவில்லை. சினாய் மணலில் அவற்றை இழுத்து வர முடியாது. தமியாத்தாவிலிருந்து சிறு கப்பல்களில் ஏற்றிக் கரையோரமாக அனுப்பச் சொல்லியிருந்தார். முந்தைய ஆகஸ்டில் அபூகிரில் நெல்சன் பிரெஞ்சுக் கப்பற்படையை எரித்துவிட்ட பிறகு, கடலில் அந்தச் சிறு கப்பல்களுக்குத் துணை யாருமில்லை.

மார்ச் 18ஆம் தேதி அவை கார்மேல் முனையைச் சுற்றி வந்தன. அங்கே ஆங்கிலக் கடற்படைத் தளபதி சிட்னி ஸ்மித்தின் ‘டைகர்’ என்ற போர்க்கப்பல் காத்திருந்தது. பெரும்பாலானவை பிடிபட்டன. அக்கோவை உடைக்க வந்த பீரங்கிகளை ஸ்மித் கரையிறக்கி அக்கோவின் மதிலிலேயே ஏற்றிவிட்டார். முற்றுகை தொடங்குவதற்குள் அதன் முடிவில் பாதி இப்படித் தீர்மானமாகிவிட்டது. நான் சொன்ன கார்மேல் சம்பவம் இதுதான்.

ஸ்மித் தனியாக வரவில்லை. பெலிப்போ என்ற பிரெஞ்சுப் பொறியாளரையும் அழைத்து வந்திருந்தார். அவர் மன்னராட்சிக்காரர், புரட்சியை ஏற்காமல் எதிர்ப்பக்கம் போனவர். பாரிஸ் இராணுவப் பள்ளியில் நெப்போலியனோடு ஒரே வகுப்பு. இருவரும் மேசைக்கடியில் ஒருவரையொருவர் உதைத்துக்கொண்டதில் நடுவில் உட்கார்ந்திருந்த பையனின் கால்கள் கன்றிப் போயின என்று ஒரு கதை உண்டு. பாரிஸ் சிறையிலிருந்து 1798இல் ஸ்மித் தப்பியதற்கும் பெலிப்போதான் துணை. மெல்லிய மதிலுக்குப் பின்னால் இரண்டாவது தடுப்பு ஒன்றை எழுப்பும் யோசனை அவருடையது. வகுப்புத் தோழன் தோற்றுப் போவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. வெயிலும் காய்ச்சலும் வாட்டி, முற்றுகை நடுவிலேயே இறந்துபோனார்.

பழைய ஊருக்குக் கிழக்கே ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி ஒரு மேடு இருக்கிறது. விவிலியக் கால அக்கோ புதைந்திருக்கும் மண்மேடு அது. உள்ளூரில் அதற்கு நெப்போலியன் குன்று என்றும் பெயர். அந்தப் பக்கமிருந்துதான் பிரெஞ்சுக்காரர்கள் வடகிழக்கு மூலைக் கொத்தளத்தை நோக்கிப் பள்ளம் வெட்டிக்கொண்டு முன்னேறினார்கள். மார்ச் 28ஆம் தேதி முதல் தாக்குதல். சுவரில் விழுந்த ஓட்டை உயரத்தில் இருந்தது. கொண்டுபோன ஏணிகள் எட்டவில்லை. கையில் இருந்தவை களத்துச் சிறு பீரங்கிகள், குண்டுகளும் போதவில்லை. ஆங்கிலக் கப்பல்கள் சுட்டு மணலில் புதையும் குண்டுகளைப் பொறுக்கி வந்தால் குண்டுக்கு இவ்வளவு என்று படைவீரர்களுக்குக் காசு கொடுத்தார்கள். பகைவனின் குண்டைப் பொறுக்கி அவனுக்கே திருப்பிச் சுட்டு நடந்த முற்றுகை இது. மரக்காலோடு எகிப்து வரை வந்திருந்த தளபதி கஃபரெல்லி பள்ளத்தில் நின்றபோது கையில் அடிபட்டது. கையை வெட்டியெடுத்தும் பிழைக்கவில்லை. பிளேக் ஒருபக்கம் தின்றுகொண்டிருந்தது.

ஏப்ரல் 16ஆம் தேதி தாபோர் மலையடியில் தளபதி கிளேபர் சில ஆயிரம் பேரை வைத்துக்கொண்டு பல மடங்கு பெரிய துருக்கிப் படையை நாள் முழுதும் தாங்கினார். நெப்போலியன் துணைக்கு வந்து சேர்ந்ததும் அது சிதறியது. வெட்டவெளியில் இப்படி ஒரு வெற்றி. அக்கோவுக்குத் திரும்பினால் அதே சுவர், அதே கடல், கடலில் அதே இரண்டு ஆங்கிலப் போர்க்கப்பல்கள்.

மாதக் கடைசியில் வேறு சில பெரிய பீரங்கிகள் யாஃபா வழியாக வந்து சேர்ந்தன. மதில் பிளந்தது. மே 7ஆம் தேதி கடலில் பாய்மரங்கள் தெரிந்தன. ரோட்ஸ் தீவிலிருந்து துருக்கி வீரர்களை ஏற்றி வந்த கப்பல்கள். அவர்கள் கரையிறங்குமுன் ஊரைப் பிடித்தாக வேண்டும். மறுநாள் லான் என்ற தளபதியின் ஆட்கள் உடைப்பின் வழியே ஊருக்குள்ளேயே இறங்கிவிட்டார்கள். இறங்கிய இடம் ஜஸ்ஸாரின் தோட்டம். எதிரே பெலிப்போ எழுப்பச் சொன்ன இரண்டாவது தடுப்பு. பின்னால் திரும்பவும் வழியில்லை. குறுவாளும் கத்தியுமாகப் பாய்ந்த வீரர்கள் அவர்களை அங்கேயே முடித்தார்கள். லான் காயத்தோடு தூக்கிவரப்பட்டார். ஸ்மித்தின் மாலுமிகளும் ஈட்டியோடு உடைப்பில் நின்றார்கள். கிழவர் ஜஸ்ஸார் தாமே ஓடி வந்து, உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் எல்லாம் போச்சு என்று அவர்களைப் பின்னால் இழுத்ததாக ஸ்மித் எழுதியிருக்கிறார். மே 10ஆம் தேதி இன்னொரு முயற்சி, அதுவும் பலிக்கவில்லை. 20ஆம் தேதி இரவு பிரெஞ்சுப் படை கூடாரத்தைப் பிரித்தது.

இந்த இடத்தில் நம் பக்கத்துக் கதை ஒன்று குறுக்கிடுகிறது. சிரியாவுக்குக் கிளம்புவதற்குச் சற்று முன், 1799 ஜனவரி 25ஆம் தேதி, கெய்ரோவிலிருந்து நெப்போலியன் மைசூரின் திப்பு சுல்தானுக்கு ஒரு கடிதம் எழுதினார். பெரும்படையோடு செங்கடல் ஓரம் வந்துவிட்டேன், ஆங்கிலேயரின் பிடியிலிருந்து உங்களை விடுவிக்க விரும்புகிறேன், நம்பிக்கையான ஓர் ஆளைச் சூயஸுக்கோ கெய்ரோவுக்கோ அனுப்புங்கள் என்பது சாரம். கடிதம் திப்புவிடம் போய்ச் சேரவே இல்லை. வழியில் ஆங்கிலேயர் கையில் சிக்கியது. அதற்கு முந்தைய ஆண்டே மொரீஷியஸின் பிரெஞ்சு ஆளுநர் மலார்த்திக், திப்புவுக்கு உதவ ஆள் வேண்டும் என்று வெளிப்படையாக அறிவித்துக் காரியத்தைக் கெடுத்திருந்தார். திரண்டு வந்தவர்கள் நூறு பேர்கூட இல்லை. ஆனால் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி பிரபுவுக்குப் போர் தொடுக்க அந்தக் காரணம் போதுமாக இருந்தது.

லான் அக்கோவின் தோட்டத்துக்குள் குதிப்பதற்கு நான்கு நாள் முன்பு, மே 4ஆம் தேதி, ஸ்ரீரங்கப்பட்டணத்தின் மதில் உடைந்தது. திப்பு வாளோடு விழுந்தார். 1792இலேயே பாராமகாலும் திண்டுக்கல்லும் அவர் கையைவிட்டுப் போயிருந்தன. இப்போது கோவைப் பகுதியும் கம்பெனியிடம் போயிற்று. அதே வாரம் அக்கோவின் பள்ளங்களில் கிடந்தவர்களுக்கு இதெல்லாம் தெரிய வாய்ப்பே இல்லை.

அக்கோ வீழ்ந்திருந்தால் நெப்போலியன் இந்தியா வரை வந்திருப்பார், இந்த ஊர்தான் ஆங்கிலேயருக்கு இந்தியாவைக் காப்பாற்றிக் கொடுத்தது என்று எழுதுபவர்கள் உண்டு. ஸ்மித் தன் விதியைக் கெடுத்துவிட்டதாக நெப்போலியனும் பின்னாளில் நினைத்தார். எனக்கு அந்தக் கணக்கு ஒப்பவில்லை. சூயஸில் அவரிடம் இந்தியா வரை படையை ஏற்றிச் செல்லும் கப்பல்கள் இல்லை. ஏற்றிச் சென்றிருந்தாலும் காத்திருக்க வேண்டிய நண்பர் உயிரோடு இல்லை. கார்மேல் முனையில் சில பீரங்கிப் படகுகளைக்கூடக் காப்பாற்ற முடியாதவர் அரபிக்கடலை எப்படிக் கடந்திருப்பார்? அக்கோ பறித்தது இந்தியாவை அல்ல. சிரியாவைத்தான்.

திரும்பும் வழியில் தந்தூராக் கடற்கரையில், இழுத்துப்போக முடியாத பீரங்கிகளைப் புதைத்தார்கள், கடலில் தள்ளினார்கள். ஜூன் 14ஆம் தேதி நெப்போலியன் கெய்ரோவுக்குள் வெற்றி ஊர்வலமாகவே நுழைந்தார்! ஆகஸ்டில் படையை அங்கேயே விட்டுவிட்டுக் கப்பலேறினார். நவம்பரில் பிரான்ஸின் ஆட்சி அவர் கையில்.

மைசூருக்கும் இந்த வளைகுடாவுக்கும் இன்னொரு தொடர்பும் இருக்கிறது. முதல் உலகப் போரில், 1918 செப்டம்பர் 23ஆம் தேதி, அக்கோவிலிருந்து பார்த்தால் தெரியும் அதே கார்மேல் சரிவில் ஏறித் துருக்கிப் பீரங்கிகளைப் பிடித்தது மைசூர் குதிரைப்படை. ஜோத்பூர் குதிரைப்படை ஹைஃபாவுக்குள் பாய்ந்தது. இம்முறை அவர்கள் போரிட்டது ஆங்கிலேயருக்காக. டெல்லியின் தீன் மூர்த்திச் சிலைகள் மைசூர், ஜோத்பூர், ஹைதராபாத் குதிரைப்படைகளின் நினைவாக நிற்பவை.

ஜஸ்ஸார் 1804இல் இறந்தார். ஃபர்ஹி அவருக்குப் பின் வந்த சுலைமான் பாஷாவுக்கும் திவானாக இருந்தார். அடுத்து வந்த அப்துல்லா பாஷா 1820இல் அவரைக் கொன்றார். பருத்த புதிய மதிலும் அகழியும் எழும்பியது இந்தக் காலத்தில்தான். கோட்டை பிற்காலத்தில் சிறையானது. 1868இல் பஹாய் சமயத்தை நிறுவிய பஹாவுல்லாவை இங்கேதான் அடைத்தார்கள். பிரிட்டிஷ் ஆட்சியிலும் அது சிறையே. 1948 போரில் அக்கோவின் அரபு மக்களில் பெரும்பாலோர் ஊரைவிட்டுப் போக நேர்ந்தது. இன்று பழைய ஊரில் வாழும் அரபுக் குடும்பங்களில் பல, வேறு ஊர்களிலிருந்து அப்போது துரத்தப்பட்டு வந்தவர்களின் வழிவந்தவை. 2001இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஊரில் சுற்றுலா விடுதிக்காக வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்களோ என்பதுதான் அவர்களின் இன்றைய கவலை. போகிறவர்கள் மதிலையும் கூடங்களையும் பார்த்துவிட்டு, சந்தைக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தெருக்களிலும் சற்று நடந்து வர வேண்டும்.

பருத்த மதிலுக்கு என்ன ஆயிற்று? 1831இல் எகிப்தின் இப்ராகிம் பாஷா ஊரை வளைத்தார். நெப்போலியனால் இரண்டு மாதத்தில் முடியாததை அவர் ஆறு மாதத்தில் முடித்தார். அவருக்குக் கடல்வழி தடையில்லை. கப்பல்களும் கூடவே வந்திருந்தன. 1840 நவம்பர் 3ஆம் தேதி பிரிட்டிஷ், ஆஸ்திரிய, துருக்கிக் கப்பல்கள் அக்கோ முன் வந்து நங்கூரமிட்டன. இம்முறை ஒரே பிற்பகல். ஊருக்குள்ளிருந்த வெடிமருந்துக் கிடங்கு சிதறியதில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நிலத்தைப் பார்த்து அவ்வளவு பாடுபட்டு எழுப்பிய மதில் பக்கம் ஒரு காலாட்படையும் வரவில்லை. அந்தப் பிற்பகலை அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம்.

(தொடரும்)